முன்னாள் படைவீரர் தின நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். அந்த நாளைத்தான் முன்னாள் படைவீரர் தினமாக வைத்திருக்கிறார்கள். நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், மேடையில் சிலருக்கு மரியாதை, ஓரமாக ஓய்வூதிய ஸ்டால்கள், கடைசியில் டீயும் டிபனும். பெரும்பாலான இடங்களில் நிகழ்ச்சி இந்த வரிசையில்தான் நடக்கும்.

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக அவரை இந்த நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகிறேன். எங்கள் தெருவிலிருந்து புதிதாக வருகிறவர்களும் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் தடுமாறுவதைப் பார்த்தும், நானே தடுமாறியும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்கு நிகழ்ச்சி என்றால் மேடை. பழைய வீரர்களுக்கு அதற்கப்புறம் வரும் டீதான் நிகழ்ச்சி. முப்பது நாற்பது வருடம் பார்க்காத ஆட்கள் அங்கேதான் சந்தித்துக்கொள்கிறார்கள். அந்த டீ நேரத்துக்கு உங்கள் அப்பா களைப்பில்லாமல், அவசரமில்லாமல் போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. எங்கே, எப்போது என்று டிசம்பரிலேயே கேளுங்கள்

வீட்டுக்கு அழைப்பிதழ் வரும் என்று காத்திருந்தால் பொங்கலே முடிந்துவிடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கின் அறிவிப்புப் பலகை, ராணுவக் கேன்டீன் பில் கவுன்ட்டர், ரெஜிமென்ட் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு, இந்த நான்கு இடங்களில் ஒன்றில் தகவல் கட்டாயம் இருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கேன்டீனில்தான் கிடைத்தது.

தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 14 போகியாகவோ பொங்கலாகவோ அமைந்துவிடுவதால், சில இடங்களில் நிகழ்ச்சியை ஓரிரு நாள் முன்பின்னாக வைப்பதுண்டு. விசாரிக்கும்போதே நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: பெயர் பதிவு செய்ய வேண்டுமா, ஒருவரோடு எத்தனை பேர் வரலாம், உள்ளே வண்டியை விடுவார்களா, வீல்சேர் உண்டா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அன்றைக்குக் காலையில் வாசலில் நின்று தேடுகிறார்கள்.

2. டிக்கெட், வண்டி, போகிப் புகை

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வசதி. பொங்கல் கூட்டம் சென்னையை விட்டு வெளியே போகும் கூட்டம். எனவே 13ஆம் தேதி சென்னை நோக்கி வருவது எளிது, திரும்பிப் போவதுதான் பாடு. ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. நவம்பர் நடுவில் முதலில் திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், வரும் டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போகி விடியலில் சென்னைக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு வீசிங் இருந்தால் இன்ஹேலர், மாஸ்க் இரண்டையும் கைப்பையில் வையுங்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் நேப்பியர் பாலத்தருகே இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவதாக இருந்தால் முந்தைய இரவே நகரத்துக்குள் வந்து தங்குவது நல்லது. விடியற்காலையில் தாம்பரத்திலிருந்து கிளம்பி, புகையிலும் பனியிலும் ஊர்ந்து வந்து சேர்கிற பெரியவர் பாதி நாளை அங்கேயே செலவழித்துவிடுகிறார்.

குன்னூர் பக்கம் வெல்லிங்டனுக்குப் போகிறவர்களுக்கு வேறு கதை. மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அங்கேதான் இருக்கிறது. ஜனவரிக் காலையில் மைதானத்தில் நிற்கும்போது பிளேசர் மட்டும் போதாது, உள்ளே தெர்மல் வேண்டும். “எனக்கா குளிர்?” என்று அவர் கேட்பார். கேட்கட்டும், பையில் எடுத்து வையுங்கள்.

3. காகிதங்கள்: ஒரு அசல், மூன்று நகல்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் வெறுங்கையோடு வந்து, ஸ்டால்களைப் பார்த்த பிறகு “அடடா” என்று சொல்கின்றன.

எடுத்துப் போக வேண்டியவை: முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் புக் (பணி விடுவிப்புப் புத்தகம்), பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), அப்பா அம்மா இருவரின் ஆதார், பான், ஓய்வூதியம் வரும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இ.சி.எச்.எஸ். அட்டை. ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் ஓய்வூதியத் தளத்தில் உள்ள கணக்கின் பயனர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஆதாரோடு இணைந்த போனும் கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. மருமகளின் போனுக்குப் போய், மருமகள் ஊரில் பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

அடையாள அட்டையை மட்டும் அசலாகக் கொண்டு போங்கள், மற்றவற்றுக்கு நகல் போதும். டிஸ்சார்ஜ் புக்கை அசலாகத் தூக்கிப்போய் டீக்கடை பெஞ்சில் விட்டுவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். புத்தகம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் யூனிட் கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஒன்றில் சரோஜா, இன்னொன்றில் சரோஜம்மாள் என்று இருக்கும். அப்பா இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை. பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கப் போகும்போது அம்மா அலைய நேரிடும். இப்போதே திருத்தினால் அப்பாவே கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம்.

திருத்தம் செய்வது அவருடைய பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். அது எது என்று தெரிந்துகொண்டு போங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெல்லிங்டன், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இ.எம்.இ.க்குச் செகந்திராபாத். “அப்பா மிலிட்டரி” என்று மட்டும் சொன்னால் ஸ்டாலில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆர்மி நம்பரையும் எழுதி வையுங்கள். அதை அவர் மறக்கவே மாட்டார். காலையில் மாத்திரை போட்டதை மறக்கும் என் அப்பா, நம்பரைக் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். ஆனால் பதிவு மேசையில் நிற்கப்போவது நீங்கள்.

4. மெடல்களைத் தொடும் முன்

ஒரு வாரம் முன்பே பெட்டியைத் திறங்கள். முந்தின இரவு திறந்தால் நைந்த ரிப்பன்தான் கண்ணில் படும், மாற்ற நேரம் இருக்காது. ரிப்பன் மாற்றி, பட்டையில் வரிசையாகத் தைத்துத் தரும் கடைகள் கன்டோன்மென்ட் ஊர்களில் உண்டு. அவர்களுக்கும் இரண்டு மூன்று நாள் வேண்டும். வரிசை முக்கியம். உயர்ந்த மெடல் மார்பின் நடுப்பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். எது உயர்ந்தது என்பதற்கு முறையான பட்டியல் இருக்கிறது. அழகுக்காக நட்சத்திர வடிவத்தை நடுவில் வைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, புளி. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அத்தை நல்லெண்ணத்தோடு, 1971 போர்க்காலச் சேவைக்கான சங்க்ராம் மெடலைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டார். ரிப்பன் கறையாகிவிட்டது. சேவை மெடல்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை, பித்தளை அல்ல. விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்து மங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

யார் எங்கே அணிவது? உயிரோடு இருக்கும் வீரர் தம் மெடல்களை இடது மார்பில் அணிவார். அவர் இருக்கும்போது வேறு யாரும் அணிவதில்லை, பேரன் ஆசைப்பட்டாலும் சரி. மறைந்தவரின் மெடல்களை நினைவுச் சின்ன அஞ்சலியில் நெருங்கிய உறவினர் அணியலாம், ஆனால் வலது மார்பில். பார்த்தவுடன் “இது இவருடையது அல்ல, இவர் சுமந்து வந்தது” என்று மற்ற வீரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இடமும் வலமும். அஞ்சலிக்குத்தான் இது. அதற்கப்புறம் உறவினர் வீட்டுக் காப்புக்கட்டுக்கு அதே கோலத்தில் போகாதீர்கள்.

மேடையில் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை. சால்வையின் ஜரிகை மெடலின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பட்டையின் பின்பக்கப் பின்கள் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். படம் எடுக்கும்போது சால்வையை இடது பக்கம் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சால்வைக்கு மரியாதை செய்தது போலத்தான் படம் வரும்.

5. உடையும் ஷூவும்

அப்பாவுக்குப் பிளேசர், டை, ரெஜிமென்ட் பெரே தொப்பி இருந்தால் அழகு. இல்லையென்றால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன்மேல் மெடல் போதும். வேட்டியில் வருகிற பெரியவர்களும் உண்டு, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மற்றவர்கள் பொங்கலுக்கு எடுத்த புதுத்துணியைப் போட்டுக்கொள்ளலாம். சலங்கை, கொலுசு சத்தம் மட்டும் வேண்டாம், மௌன அஞ்சலியின்போது அது நன்றாகக் கேட்கும்.

ஷூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரணில் பல வருடம் கிடந்த ஷூவின் அடிப்பாகம் பார்க்க நன்றாக இருக்கும், பத்து அடி நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். என் அப்பாவுக்கு வாசல் சோதனைச் சாவடியிலேயே ஒரு ஷூ வாயைப் பிளந்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி உள்ளே கூட்டிப்போனேன். பளபளவென்று பாலிஷ் போட்டது அவர், அடியைப் பார்க்காமல் விட்டது நான். ஒரு வாரம் முன்பே தெருவில் அரைமணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். புது ஷூ வாங்கினாலும் இதே சோதனைதான், கடிக்கிறதா என்று பார்ப்பதற்கு.

6. மாத்திரை, சாப்பாடு, கழிப்பறை

நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்கலாம், சிறப்பு விருந்தினர் தாமதமானால் இழுக்கவும் செய்யலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் காத்திருக்கக் கூடாது. இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். பிஸ்கட்டும் வாழைப்பழமும் பையில் இருக்கட்டும்.

ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் அன்று அதை விழுங்காமல் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. எழுந்து போவதற்குச் சங்கடம், அவ்வளவுதான் காரணம். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரை முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். போனவுடன் கழிப்பறை எங்கே என்று நீங்கள் பார்த்து வந்து, வரிசை ஓரத்து நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். நடு இருக்கையில் மாட்டிக்கொண்டவர் பத்துப் பேரைத் தாண்டிப் போக வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வார்.

7. வாசல் சோதனை

ராணுவ வளாகத்துக்குள் நிகழ்ச்சி என்றால் ஒவ்வொருவரும் அடையாள அட்டை காட்ட வேண்டும். வண்டி எண்ணை முன்பே கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் மச்சானின் காரில் வந்தால் வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய மகனோ மருமகனோ பொங்கலுக்கு வந்திருந்தால், அவருக்கு முன்அனுமதி தேவைப்படும். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் சொன்னால் காவலுக்கு நிற்கிற ஜவானால் எதுவும் செய்ய முடியாது. அப்பா தன் மகனை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக மனமில்லாமல் நிற்பார்.

அனுமதித்த இடத்தில் மட்டும் படம் எடுங்கள். “எங்கப்பாவும் மிலிட்டரிதான்” என்று அங்கே வாதம் பண்ண வேண்டாம். அப்பாவே முதலில் திட்டுவார்.

8. மலர்வளைய நேரத்தில் என்ன செய்வது

வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். காவல் அணி நிற்கும். மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு இருவர் மெதுநடையில் வருவார்கள். முக்கியஸ்தர்கள் ஒவ்வொருவராக வைப்பார்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடிக்கும் ‘சோக் சஸ்த்ர’ கட்டளை வரும். பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை ஒலிக்கும், மௌனம், பிறகு மறுபடியும் பியூகிள்.

எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மௌனம் முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது பியூகிளுக்கு முன்பே உட்கார்ந்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. மலர்வளையம் வைத்ததும் கை தட்டுவது இன்னொன்று. அங்கே கைதட்டல் கிடையாது, அது மேடை நிகழ்ச்சிக்கு. குடும்பத்தினர் சல்யூட் அடிக்க வேண்டாம், கைகளைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றால் போதும். தொப்பி அணிந்த முன்னாள் வீரர்கள் சல்யூட் வைப்பார்கள், தொப்பி இல்லாதவர்கள் அட்டென்ஷனில் நிற்பார்கள்.

போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, அணைத்துவிடுங்கள். அப்பாவின் மாத்திரைக்காக நான் வைத்திருந்த அலாரம் மௌனத்தின் நடுவில் அடித்தது. சைலன்ட்டில் இருந்தாலும் அலாரம் அடிக்கும் என்பதை இருநூறு பேர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எண்பது வயதிலும் அவர் நிற்பேன் என்பார். “உட்காருங்கப்பா” என்று நாலு பேர் முன் சொல்லாதீர்கள். அவர் முழங்காலுக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டு, அரையடி பின்னால் நீங்கள் நில்லுங்கள். தேவைப்பட்டால் அவரே உட்காருவார்.

பியூகிள் சத்தம் சிலரை உலுக்கிவிடும். 1971 போரையோ 1987க்குப் பிறகு இலங்கையில் இருந்த நாட்களையோ பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாதவர் அங்கே அழக்கூடும். தோளைத் தட்டி “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்க வேண்டாம். பக்கத்தில் நிற்கிற இன்னொரு பழைய ஆள் பார்த்துக்கொள்வார். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டுங்கள்.

9. அம்மாவை மேடைக்கு அழைத்தால்

போரில் கணவரை இழந்தவர்களை வீர நாரி என்று அழைத்து மேடையில் மரியாதை செய்வார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ அந்தப் பட்டியலில் இருந்தால், மூன்று விஷயங்களை ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே கேளுங்கள்: பெயரை எப்படி வாசிக்கப்போகிறார்கள், எத்தனை படி ஏற வேண்டும், கூட ஒருவர் வரலாமா. பெயர் தப்பாக வாசிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. பெரிய எழுத்தில், பெயர், கணவரின் பதவி, யூனிட் மூன்றையும் எழுதிய சீட்டை அறிவிப்பாளர் கையில் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

பொட்டு, பூ, புடவை நிறம் பற்றி உறவுக்காரர்கள் கருத்துச் சொல்வார்கள். அது அம்மாவின் விருப்பம், அதில் யாரையும் நுழைய விடாதீர்கள்.

10. ஸ்டால்களுக்கு ஒரு ஆளை ஒதுக்குங்கள்

குடும்பம் முழுவதும் ஸ்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஃபைலோடு ஒருவர் நிற்கட்டும். கைரேகை தேவைப்படும்போது மட்டும் அப்பாவைக் கூப்பிடுங்கள். அப்பாவையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், அவருடைய நண்பர்கள் அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தவறை நான் இரண்டு வருடம் செய்தேன்.

ஆயுள் சான்று எடுக்கும்போது வயதானவர்களின் ரேகை தேய்ந்து, கருவி ஏற்காமல் போகலாம். முக அடையாளத்தில் எடுக்கும் வசதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். பெயர்த் திருத்தம், நிலுவைத் தொகை போன்றவை அன்றே தீராது. மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டு போய், ஒன்றில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக “பாத்துக்கறோம் சார்” என்று சொன்னதை நம்பி ஒரு வருடம் திரும்பி வந்தேன், அடுத்த வருடம் அதே வரிசையில் மறுபடியும் நின்றேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனிக் குறைதீர் கூட்டமும் நடத்துகிறார்கள். அந்த ஒப்புகை கையில் இருந்தால் அங்கேயும் உதவும்.

11. டீ

குறைந்தது ஒரு மணி நேரம். அதற்குள் வண்டியை வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள், கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். “ராம் ராம் சாப்” என்று ஒரு குரல் கேட்கும், வீட்டில் தமிழைத் தவிர எதுவும் பேசாதவர் சரளமாக இந்தியில் திட்டிக்கொள்வார். லங்கர் (சமையற்கூடம்), படா கானா (பெரிய விருந்து), எவனோ ஒரு கிளார்க் தராமல் விட்ட லீவு என்று பேச்சு ஓடும். பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். விளக்கம் கேட்டு நடுவில் புகாதீர்கள், இரவு வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வேலை இரண்டுதான். தட்டில் டிபனைக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுப்பது ஒன்று. போன் எண்களை வாங்குவது இன்னொன்று. நண்பர்களின் எண்ணோடு அவர்கள் மகன் அல்லது மகளின் எண்ணையும் வாங்குங்கள், பெரியவர்கள் போனை எடுப்பதில்லை. குழுவாகப் படம் எடுத்தால் இடமிருந்து வலமாகப் பெயர், யூனிட், ஊர் மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அப்பாவுக்கே இரண்டு பேரின் பெயர் வராது.

12. வீட்டுக்கு வந்ததும்

மெடல்களை அன்று இரவே கழற்றித் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வியர்வையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் ரிப்பன் பூஞ்சை பிடிக்கும். ஒப்புகைச் சீட்டைப் போனில் படம் எடுத்துவிட்டு ஃபைலில் சேருங்கள்.

எண்கள் எழுதிய காகிதத்தை அப்பாவின் சட்டைப் பையில் விடாமல் உடனே போனில் பதியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு சுபேதார்களின் எண்கள் வாஷிங் மெஷினில் கரைந்து போயின. ஒருவரை மறுவருடம் டீயில் பிடித்துவிட்டோம். இன்னொருவர் வரவில்லை.